எட்டா, ஏழா

முட்டிக்கு இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சை வைத்துப் பட்டையால் இறுக்கி, வயரைச் செருகி, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்க்கா, அசையாம படுங்க" என்று சொல்லிவிட்டு பிஸியோ நஸ்ரின் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எறும்புதான். முதலில் ஒன்று, பிறகு ஒரு வரிசை, பிறகு சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்ட கூட்டம் மாதிரி முட்டிச் சில்லுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. இந்த மெஷின் நிற்பதற்குள் நான் பதில் யோசித்து வைக்க வேண்டும். எங்கள் மானேஜர் குமு அக்கா அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். "நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டு யோசி. நான் ஸ்பான்சர்காரங்ககிட்ட பேசிட்டு வந்துடறேன். எட்டுன்னா எட்டு, ஏழுன்னா ஏழு. ஒரே ஒரு வார்த்தை, ரெக்ஸி. சாயங்காலத்தோட ஆள் சேர்க்கிறது முடிஞ்சு போகுது." ஒரே ஒரு வார்த்தை. பிஸியோ ரூமுக்கு வெளியே பிராக்டிஸ் நடக்கிறது. பந்து தரையில் விழும் சத்தத்தை வைத்து யார் தட்டுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும். இந்தக் கனமான அடி புதுசாக வந்திருக்கும் திவ்யபாரதி, பந்தைத் தட்டமாட்டாள், குத்துவாள். எட்டு. நான் இந்தத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஆரம்பித்த வருஷத்திலிருந்து இதே கிளப்பில் இருக்கிறேன். லீக் எட்டு சீசன் முடித்திருக்கிறது, அப்படியானால் நானும் எட்டு. ஆனால் நடுவில் ஒரு சீசன் நான் கோர்ட்டில் இறங்கவே இல்லை, அப்படியானால் ஏழு. ஏழு என்று சொன்னால் எனக்கு இந்த டீமில் இடம் இருக்கிறது. எட்டு என்று சொன்னால் இல்லை. ஏழு வருஷம் ஆடினவளை எடுத்துக்கொள்ள முடியும், எட்டு வருஷம் ஆடினவளை எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டு பேரும் நான்தான், இரண்டு பேருக்கும் இதே முட்டிதான். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நேற்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "புரியல, இன்னொரு தடவை சொல்லு" என்றார். இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தபோது எனக்கே பாதியில் புரியாமல் போய்விட்டது. இத்தனைக்கும் அந்தச் சட்டத்தைப் பேசி எழுத வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

முதல் இரண்டு மூன்று வருஷம் சட்டம் என்று ஒன்றும் கிடையாது. கையில் காசு இருந்த கிளப் நல்ல ஆட்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது, இல்லாத கிளப் தோற்றுத் தோற்று மூடிக்கொண்டது, மூடின கிளப்பின் பெண்கள் பாதி சம்பளத்தோடு ஊருக்குப் போனார்கள். அதனால்தான் ஆட்டக்காரர் சங்கமும் லீக்கும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எல்லா கிளப்புக்கும் ஒரே சீலிங். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளம் அதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அடுத்த வருஷம் புது ஆளே எடுக்க முடியாது. குமு அக்கா இதற்கு ஒரு உவமை வைத்திருக்கிறாள், மானேஜர் ஆனதிலிருந்து எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறாள்: "பானை இவ்ளோதான்டி. அதுக்கு மேல அரிசி போட்டா பொங்கி அடுப்பை அணைச்சுடும்." சரி, பானைக்கு ஒத்துக்கொள்கிறோம், ஆனால் எட்டு சீசன் ஆடினவளை நேற்று வந்த பெண்ணின் சம்பளத்துக்கு வைக்கக்கூடாது, சீனியருக்கு என்று ஒரு மினிமம் வேண்டும் என்று கேட்டோம். நாங்கள் என்றால் யார், நான்தான் எழுந்து நின்று கேட்டேன். ஓட்டல் ஹாலில் நீள மேஜை, ஏசி முழங்காலில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. லீக்கின் வக்கீல் நல்ல மனிதர், ஒவ்வொரு வாக்கியத்தையும் "பாருங்கம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். "பாருங்கம்மா, மினிமத்தை ஏத்தினா சீனியர்ஸுக்குத்தான் கஷ்டம். ஒரு சீனியர் இடத்துல ரெண்டு ஜூனியரை எடுத்துடுவாங்க." அப்போது நான் என்ன சொன்னேன்? "அப்படி எடுத்துத் தோத்துட்டு வரட்டும் சார்" என்றேன். எங்கள் பக்க மேஜை முழுக்கக் கைதட்டியது, சீனியர் மினிமமும் ஒப்பந்தத்தில் ஏறியது. அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் இருக்கிறது, வெளியே பந்துச் சத்தத்தோடு கலந்து எது எது என்று தெரியாமல். அவர் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அவர் சொன்னது நடந்ததாலேயே நான் கேட்டது தப்பாகிவிடுமா? கேட்காமல் இருந்திருந்தால் எல்லா சீனியரும் ஜூனியர் சம்பளத்தில் ஆடிக்கொண்டிருப்போம். ஆடிக்கொண்டாவது இருப்போம். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு இடறுகிறது, திரும்ப முதலிலிருந்து வருகிறது, திரும்ப இதே இடத்தில் இடறுகிறது. சங்கத் தலைவிக்குக் காலையில் போன் போட்டேன், எனக்கு மட்டும் மினிமத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று. நான்தானே வேண்டாம் என்கிறேன், என் சம்பளம்தானே. "உனக்குத் தளர்த்தினா நாளைக்கு ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, நீயும் அவளை மாதிரி வேண்டாம்னு சொல்லுன்னு சொல்லுவான். இதை நீதானடி எங்களுக்குச் சொன்ன" என்றாள். சொன்னேன். நான் என்னென்னவெல்லாமோ சொல்லியிருக்கிறேன்.

அந்த இன்னொன்றையும் சொன்னேன். அந்த வார்த்தை. பிள்ளைப்பேற்றுக்காக ஒருத்தி ஆட முடியாமல் போன சீசனையும் அவள் கணக்கில் ஒரு சீசனாகச் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டு, அவர்களும் சரி என்றுவிட்டார்கள். வக்கீல் வாசித்தார், "டெலிவரி" என்று இருந்தது. நான் கையைத் தூக்கினேன். "டெலிவரி வேண்டாம் சார், பிரெக்னன்சின்னு போடுங்க." "பாருங்கம்மா, ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு மாத்தணும்?" "ஒண்ணு இல்ல சார்." "என்ன வித்தியாசம்?"  தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடி உருண்டு மேஜைக்கு அடியில் போனது, நான் குனிந்து தேடினேன், வெகுநேரம் தேடினேன். நிமிர்ந்தபோது வக்கீல் எதையும் கேட்காமல் அந்த வார்த்தையை அடித்துவிட்டு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஹாலில் இருந்தவர்களில் குமு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நான் ஆடாத அந்த சீசனில் அவள்தான் கேப்டன், அவளும் நானும் ஒரே ரூம். வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்தபோது, "ஏய், என்னடி, தள்ளிப் போயிருக்கா?" என்று முதலில் கேட்டதும் அவள்தான். கோச்சிடம் அவளே போய்ச் சொன்னாள். சீசன் தொடங்குவதற்கு முன்பே நான் தூத்துக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஆறு மாசம். வயிற்றில் ஆறு மாசம் என்பது வெளியே தெரியும் மாசம்தான், ஆனால் என் உயரத்துக்கு ஒன்றும் தெரியாது, ஆறடிப் பெண்ணுக்கு வயிறு எங்கே இருக்கிறது என்றே யாரும் பார்க்கமாட்டார்கள், அண்ணாந்து முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு காலையில் அசைவு இல்லை. மத்தியானம் வரைக்கும் தூங்குகிறது என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வெளிச்சம், டெட்டால், யாரோ ஒரு நர்ஸ் என் கால் கட்டிலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது. காரணம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். காரணம் இல்லாமல் எப்படி இருக்கும்? பிராக்டிஸில் கடைசியாக நான் எகிறினேனே, அதுவா? அவள் அப்போது பருத்திக் கொட்டை அளவுகூட இருந்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அதுவா என்று இப்போதும் சில நாள் பந்தைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கும் நொடியில் தோன்றும். டக்கென்று தோன்றி டக்கென்று போய்விடும். அடுத்த சீசனுக்கு நான் வந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் முட்டி ஆபரேஷன் என்றேன், நம்பினார்கள், முட்டி என்றால் யாரும் நம்புவார்கள்.

"வலிக்குதாக்கா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஸ்ரின் கேட்கிறாள். இல்லை என்கிறேன். வலிக்கிறதா, தெரியவில்லை. எறும்புக்கும் வலிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அப்படியானால் ஏழு என்று சொன்னால் அது பொய்யா? நான் அந்த சீசனில் ஒரு பந்தையாவது தொட்டேனா? இல்லை. ஒரு பாயிண்டாவது எடுத்தேனா? இல்லை. கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவனைக் கேட்டால் ஏழு என்றுதான் சொல்வான். ஒப்பந்தம் மட்டும்தான் எட்டு என்கிறது, அது நான் சொல்லச் சொன்னதால் சொல்கிறது. குமு அக்கா கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த சீசன் சொந்த வேலையாக லீவு எடுத்துக்கொண்டேன், கர்ப்பம் எல்லாம் ஒன்றும் இல்லை என்று நான் சரி என்றால் போதும், மீதியை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். சீனியர் மினிமம் எனக்குப் பொருந்தாது, சாதாரண மினிமத்துக்குப் பானையில் இடம் இருக்கிறது, நான் உள்ளே. என்னை விட்டால் இந்த டீமில் கூடைக்கு அடியில் நிற்கத் தெரிந்த ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் கெஞ்சுகிறாள், அவள் கெட்டவள் இல்லை. நான் எட்டு என்றால் அந்த இடம் திவ்யபாரதிக்கு, ஏழு என்றால் அவள் சொந்த ஊர் பெரியகுளத்துக்கு பஸ் ஏற வேண்டும். அவளுக்கு இது எதுவும் தெரியாது, வெளியே பந்தைக் குத்திக்கொண்டிருக்கிறாள். நேற்று மெஸ்ஸில் என் தட்டில் இருந்த முட்டையை எடுத்துக்கொண்டு, "நீங்க டயட்டுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்காக எட்டு என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அதுவும் பொய்தான், நான் அவ்வளவு நல்லவள் இல்லை, அவள் பஸ் ஏறினால் எனக்கு இரண்டு நாள் வருத்தமாக இருக்கும், மூன்றாம் நாள் பந்தைத் தொட்டதும் மறந்துபோகும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதுதான் விஷயம். ரயில்வே வேலையை விட்டுவிட்டு இந்த லீக்குக்கு வந்தேன், அந்த வேலை இப்போது கிடைக்காது, அது ஒரு பயம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. மூன்றாம் வகுப்பிலிருந்து நான் எங்கே நின்றாலும் அந்த இடம் கோணலாகத் தெரியும். பூசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் பீடம் மறைக்கும், பஸ்ஸில் கம்பி நெற்றியில் இடிக்கும், கல்யாண போட்டோவில் அவரை ஒரு பலகைமேல் நிற்க வைத்தார்கள். கோர்ட்டில் மட்டும்தான் என்னை யாரும் குனியச் சொன்னதில்லை. கோர்ட் இல்லாவிட்டால் இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஏழு என்று சொல்லிவிடலாம். ஏழு. சொல்லிப் பார்க்கிறேன், உதடு மட்டும் அசைகிறது. சொன்னவுடனே குமு அக்கா காலையில் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று ஞாபகம் வருகிறது. "நீ ஒண்ணும் முதல் ஆள் இல்லடி. மத்த கிளப்புலயும் ரெண்டு மூணு பேரு இப்படித்தான் சரின்னு சொல்லி உள்ள போயிருக்காங்க." ரெண்டு மூணு பேர் யார்? போன தடவை ஃபைனலில் என் விலாவில் முழங்கையால் இடித்தாளே, எதிர் டீமின் அந்த ஐந்தாம் நம்பர், அவளும் நடுவில் ஒரு சீசன் இல்லை. முட்டி ஆபரேஷன் என்றாள். நான் நம்பினேன். கேரளக் கிளப்பின் அந்தப் பெண், அவளும் முட்டி என்றாள். எல்லோருக்குமா முட்டி? ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த அந்த வெளிச்சம் அவளுக்கும் வந்திருக்குமோ, இல்லை நான்தான் எல்லாவற்றிலும் அதையே பார்க்கிறேனோ. மெஷின் டிக் என்று நின்றது. எறும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கேயோ போய்விட்டன. முட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

நஸ்ரின் வரவில்லை, குமு அக்கா வந்தாள். திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு காலத்தில் உயரமாகத்தான் இருந்தாள், மானேஜர் ஆனபிறகு குள்ளமாகிவிட்ட மாதிரி தெரிகிறாள், உட்கார்ந்தே இருப்பதால் இருக்கலாம். "என்னடி, ஆபீஸ்ல உக்காந்துட்டு இருக்காங்க. என்ன சொல்லட்டும்?" "அக்கா, சீனியர் மினிமத்துக்கு இடம் வர்ற மாதிரி வேற யாரையாவது..." "யாரை விடறது? சொல்லு, நீயே ஒரு பேரைச் சொல்லு, விட்டுடறேன்."  அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெக்ஸி, நடந்தது நடந்து போச்சு. அதைப் போய் இப்ப ஒரு சீசன்னு எண்ணிக்கிட்டு இருந்தா யாருக்கு என்ன லாபம்? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆட்டம் இருக்கு. நான் பார்த்துச் சொல்றேன். ஒண்ணும் இல்லாத ஒண்ணுக்காக அதை விடாத." ஒண்ணும் இல்லாத ஒண்ணு. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காக எல்லோரும் அப்போது சொன்னதைத்தான் அவளும் சொல்கிறாள், அம்மாகூடச் சொன்னாள். ஏழு என்றுதான் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், வாயைத் திறந்தபோது வேறு என்னமோ வந்தது. "பொண்ணுக்கா" என்றேன். "என்ன?" "பொண்ணு. தலை நிறைய முடி இருந்துச்சு. விரல் எல்லாம் நீளம் நீளமா, நம்ம கை மாதிரி." குமு அக்கா என்னையே பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவள் கை என் முட்டிமேல், ஈரப் பஞ்சின்மேல் வந்து இருந்தது, அது என் முட்டி என்பதை மறந்துவிட்டவள் மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியாதுடி" என்றாள்.  வெளியே கோச் விசில் ஊதினார், ஷூக்கள் எல்லாம் கிறீச்சென்று நின்றன. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள், பழையபடி மானேஜர் ஆனாள், ஆனாலும் முழுசாக ஆக முடியவில்லை. "சரி. எனக்கு ஆபீஸ்ல ஒண்ணு சொல்லணும். எத்தனைன்னு சொல்லட்டும்?" "எட்டு" என்றேன். "நல்லா யோசிச்சுக்கிட்டியா?" இல்லை என்றேன். உண்மைதான், நான் யோசித்து முடிக்கவில்லை, இன்னும் ஒரு மெஷின் ஓடினாலும் முடித்திருக்கமாட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே, "திவ்யா, ஆபீஸுக்கு வா" என்ற அவள் குரலும், பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடும் காலடியும் கேட்டன. பந்து மட்டும் தனியாகக் குதித்துக் குதித்துச் சின்னதாகி நின்றது.

பட்டையை நானே அவிழ்த்தேன். எழுந்து நின்றேன், முட்டி கொஞ்சம்கூட வலிக்கவில்லை, இன்றைக்குப் பார்த்து நாலு குவார்ட்டரும் ஆடலாம் போல இருந்தது, அது வேறு கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சங்கத் தலைவிக்குச் சொல்ல வேண்டுமா? அந்த ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமா? கேட்டால், நீ யாருடி என்னைக் கேட்க என்பாளா, அழுவாளா? நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் எழுத வைத்த சட்டம் என்னை வெளியே தள்ளிவிட்டது, அந்தச் சட்டத்தில்தான் என் மகள் இருக்கிறாள், வேறு எங்கேயும் இல்லை. ரேஷன் கார்டில் இல்லை, ஞானஸ்நானப் பதிவில் இல்லை. ஒரு கூடைப்பந்து லீக்கின் சம்பளக் கணக்கில் ஒரு சீசனாக இருக்கிறாள். இது சிரிக்கிற விஷயமா, அழுகிற விஷயமா? அவருக்குப் போன் போட்டேன். இங்கே துறைமுகத்தில் வேலையில் இருப்பார், பின்னால் லாரிச் சத்தம். "என்னம்மா, என்ன ஆச்சு?" "எட்டுன்னு சொல்லிட்டேன்." "எட்டுன்னா உள்ளயா, வெளியயா?" "வெளிய." "சரி" என்றார். இன்னொரு தடவை, "சரிம்மா, சாப்பிட்டியா?" என்றார். சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்றைக்கு என் வாய் என் பேச்சைக் கேட்கிற நாள் இல்லை போல. "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க. எங்க வச்சீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் லாரிச் சத்தமும் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ என்றேன். "இருக்கேன்" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துலதான். கடல் பக்கச் சுவரை ஒட்டி. ஒரு பூவரசு நிக்கும். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். உங்கிட்ட ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டுப் போவேன்." நான் கோர்ட்டின் ஓரக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது பிஸியோ ரூமைவிட்டு வந்தேன் என்று தெரியவில்லை. "போவமா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். "எப்ப?" "இன்னைக்கு ராத்திரி வண்டியில ஏறினா காலையில இறங்கிடலாம்." "இன்னைக்கா? நாளைக்குக் காலையில பிராக்டிஸ்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.  பிறகு, டிக்கெட் போடுங்கள் என்றேன்.